கிராமத்தில் 6.68, நகரத்தில் 5.62: விலைவாசி எண்ணைப் பிரித்துப் படிக்கும் முறை

2024 அக்டோபர் மாதத்தின் சில்லறைப் பணவீக்கம் அகில இந்திய அளவில் 6.21 சதவீதம். கிராமத்துக்கு 6.68, நகரத்துக்கு 5.62. இதைப் பார்க்கிற எவரும் கிராமத்தில்தான் விலை கூடுதலாக ஏறியிருக்கிறது என்றுதான் சொல்வார்கள். ஆனால் புள்ளியியல் அமைச்சகத்தின் அதே மாத அறிக்கையில் இன்னொரு வரி இருந்தது: உணவுப் பணவீக்கம் கிராமத்தில் 10.69, நகரத்தில் 11.09. அந்த மாதம் மொத்தக் கணக்கையும் மேலே இழுத்தது உணவுதான். காய்கறி மட்டுமே 42.18 சதவீதம் ஏறியிருந்தது. உணவு விலை நகரத்தில் அதிகம் ஏறியிருக்க, மொத்தத்தில் கிராமம் எப்படி முந்தியது?

விடை விலையில் இல்லை, எடையில் இருக்கிறது. எடை என்பது குடும்பங்களின் நூறு ரூபாய்ச் செலவில் ஒரு பொருளுக்குப் போகும் பங்கு. 2026 பிப்ரவரிக்கு முன் நடைமுறையில் இருந்த, 2012-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட நுகர்வோர் விலைக் குறியீட்டில், உணவும் பானங்களும் சேர்ந்த பிரிவுக்குக் கிராமத்தில் 54.18 எடை, நகரத்தில் 36.29. இதிலிருந்து சமைத்த உணவு, பலகாரம், இனிப்பு, மதுவல்லாத பானங்கள் ஆகியவற்றைக் கழித்தால் மிஞ்சுவதுதான் நுகர்வோர் உணவு விலைக் குறியீடு. செய்திகளில் ‘உணவுப் பணவீக்கம்’ என்று வருவது இந்தச் சின்ன வட்டத்தைத்தான். அதன் எடை கிராமத்தில் 47.25, நகரத்தில் 29.62. ஹோட்டல் சாப்பாட்டு விலை ஏறினால் அது இந்த எண்ணில் தெரியாது என்பதையும் இங்கேயே குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது பெருக்கிப் பார்க்கலாம். கிராமத்தில் 10.69 × 0.4725 = 5.05. நகரத்தில் 11.09 × 0.2962 = 3.28. அதாவது கிராமத்தின் 6.68-இல் சுமார் 5 புள்ளி உணவால் வந்தது. நகரத்தின் 5.62-இல் உணவின் பங்கு 3.3 புள்ளிக்குள் அடங்கிவிட்டது. மீதியை மீதி எடையால் வகுத்தால் உணவல்லாத பொருட்களின் விலையேற்றம் கிடைக்கும்: கிராமத்தில் (6.68 − 5.05) ÷ 0.5275 = 3.09 சதவீதம், நகரத்தில் (5.62 − 3.28) ÷ 0.7038 = 3.32 சதவீதம். உணவிலும் நகரம் கூடுதல், உணவல்லாததிலும் நகரம் கூடுதல். மொத்தத்தில் மட்டும் கிராமம் கூடுதல்.

இன்னும் ஒரு படி போனால் படம் தெளிவாகும். நகரத்து விலையேற்றத்தை அப்படியே எடுத்து, கிராமத்து எடையில் போட்டுப் பாருங்கள். 11.09 × 0.4725 + 3.32 × 0.5275 = 6.99. கிராமக் குடும்பம் தன் செலவுப் பழக்கத்தோடு நகர விலையைச் சந்தித்திருந்தால் அதன் பணவீக்கம் 6.99 ஆகியிருக்கும். உண்மையில் அது 6.68. ஆகவே கிராமத்துக்கும் நகரத்துக்கும் இடையிலான 1.06 புள்ளி வித்தியாசம் இப்படிப் பிரிகிறது: எடையால் வந்தது +1.37, விலையால் வந்தது −0.31. ‘கிராமத்தில் விலைவாசி அதிகம்’ என்ற வாக்கியம் அந்த மாதத்துக்குப் பாதி உண்மைகூட இல்லை. விலைச்சுமை கிராமத்தில் அதிகம், விலையேற்றம் நகரத்தில் அதிகம் என்பதே சரி.

சரியாக ஓராண்டு கழித்து இதே கணக்கு தலைகீழாக வந்தது. 2025 அக்டோபரில் முதலில் வெளியான எண்கள்: அகில இந்தியா 0.25 சதவீதம், கிராமம் −0.25, நகரம் 0.88. உணவு விலை கிராமத்தில் 4.85 சதவீதமும் நகரத்தில் 5.18 சதவீதமும் சரிந்திருந்தது. சரிவு நகரத்தில்தான் கூடுதல்; ஆனாலும் மொத்த எண் சுழியத்துக்குக் கீழே போனது கிராமத்தில். மேலே செய்த அதே நான்கு பெருக்கலைச் செய்தால் உணவல்லாத விலையேற்றம் கிராமத்தில் 3.87, நகரத்தில் 3.43 என்று வரும். நகர விலையைக் கிராம எடையில் போட்டால் −0.64. எடையின் வேலை −1.52, விலையின் வேலை +0.39. உணவிலும் சரி, உணவல்லாததிலும் சரி, கிராமத்துக்கு வாய்த்த விலைப்போக்கு நகரத்தைவிடச் சற்று மோசம். தலைப்பு எண்ணோ கிராமத்துக்குத்தான் நிம்மதி என்றது.

ஒரு எச்சரிக்கை. எடையைப் பணவீக்கத்தால் நேரடியாகப் பெருக்குவது தோராயமான வழி. துல்லியமாக வேண்டுமென்றால் ஒரு பிரிவின் பங்களிப்பு = அந்தப் பிரிவின் எடை × (இந்த மாதப் பிரிவுக் குறியீடு − சென்ற ஆண்டு இதே மாதப் பிரிவுக் குறியீடு) ÷ சென்ற ஆண்டு இதே மாத மொத்தக் குறியீடு. எடை அடிப்படை ஆண்டில் நிர்ணயிக்கப்பட்டது; அதற்குப் பிறகு ஒரு பிரிவின் விலை மற்றவற்றைவிட வேகமாக ஏறியிருந்தால் அதன் நடப்பு எடை தானாகவே கூடியிருக்கும். அதைப் பிடிக்கத்தான் இந்தச் சூத்திரம். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் புள்ளிக்குப் பின்னால் வரும் இலக்கங்களில்தான் இருக்கும்; பத்திரிகைச் செய்தியைச் சரிபார்க்கத் தோராயமே போதும். கட்டுரையோ ஆய்வோ எழுதுவதானால் போதாது.

உணவைத் தாண்டியும் 2012 தொடரின் எடைகள் நிறையச் சொல்கின்றன. தானியங்களுக்குக் கிராமத்தில் 12.35, நகரத்தில் 6.59. தானிய விலை 10 சதவீதம் ஏறினால் கிராமக் குறியீடு ஏறக்குறைய 1.2 புள்ளி ஏறும், நகரத்தில் அதில் பாதிதான். காய்கறி 7.46, 4.41. பால் 7.72, 5.33. விறகையும் சமையல் எரிவாயுவையும் மின்சாரத்தையும் உள்ளடக்கிய எரிபொருள் பிரிவு 7.94, 5.58. போக்குவரத்து, தொலைபேசி ஆகியவற்றில் நகரம் முந்துகிறது: 7.60-க்கு 9.73. கல்வியிலும் அப்படியே: 3.46-க்கு 5.62. பெட்ரோல் வரியைக் குறைத்தால் நகரக் குறியீடு கூடுதலாக இறங்கும், பள்ளிக் கட்டணம் ஏறும் ஜூன், ஜூலை மாதங்களில் நகரக் குறியீடு கூடுதலாக ஏறும் என்பதெல்லாம் இதிலிருந்து வருபவை.

பலர் கவனிக்காத ஒன்று மருத்துவம். நகரத்தில் 4.81, கிராமத்தில் 6.83. பெரிய ஆஸ்பத்திரி நகரத்தில் இருக்க, செலவில் பெரும் பங்கு கிராமத்துக்கு. நகரத்தவரின் மொத்தச் செலவு பெரிது, அதில் மருந்துச் செலவு சிறு துண்டு. கிராமத்தில் மொத்தமே சிறிது, மருந்து விலையோ இரண்டு இடத்திலும் ஒன்று. மருந்து விலையேற்றத்தை நகரப் பிரச்சினையாகப் பேசுகிறவர்கள் இந்த இரண்டு எண்களை ஒருமுறை பார்க்க வேண்டும். புகையிலை, வெற்றிலைபாக்கு, மது ஆகியவற்றிலும் இப்படித்தான்: 3.26-க்கு 1.36. சிகரெட், மது மீதான வரியேற்றம் கிராமக் குறியீட்டில் இரண்டு மடங்குக்கும் மேலாக எதிரொலிக்கும்.

அடுத்தது வாடகை. 2012 தொடரில் நகரக் குறியீட்டில் வீட்டுக்கு 21.67 எடை. கிராமக் குறியீட்டில் அந்தப் பிரிவே கிடையாது. இந்த 21.67 வாடகைக்குக் குடியிருப்பவர்களின் செலவு மட்டுமல்ல, சொந்த வீட்டுக்காரர்கள் தங்கள் வீட்டுக்கு வாடகை கொடுத்திருந்தால் எவ்வளவு கொடுத்திருப்பார்கள் என்ற மதிப்பீடும் அதில் சேர்ந்திருக்கிறது. 2011-12 நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பில் நகரத்து உணவுப் பங்கு 42.6 சதவீதமாக இருக்க, குறியீட்டில் 36.29 ஆக இருப்பதற்கு இதுதான் முதன்மையான காரணம். கணக்கெடுப்பின் மொத்தத்தில் சொந்த வீட்டின் மதிப்பீட்டு வாடகை இல்லை, குறியீட்டின் மொத்தத்தில் இருக்கிறது. இரண்டு எண்ணையும் அருகருகே வைத்து ஒன்று தவறு என்று சொல்லும் பதிவுகள் அடிக்கடி கண்ணில் படுகின்றன. இரண்டும் சரி, வகுக்கும் எண்தான் வேறு.

வாடகை மெதுவாக நகரும் பொருள். அது சேகரிக்கப்படும் முறை அதை இன்னும் மெதுவாக்குகிறது. 310 நகரங்களில் 13,368 வாடகை வீடுகள் எடுத்துக்கொள்ளப்பட்டன. 2012 தொடரில் ஒரு வீட்டை ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான் போய்க் கேட்டார்கள், மாதத்துக்கு ஆறில் ஒரு பங்கு வீடுகள். ஒரு நகரத்தில் வாடகை திடீரென ஏறினாலும் குறியீட்டில் அது ஆறு மாதம் பரவிக் கசியும். அதனால் நகரக் குறியீட்டின் ஐந்தில் ஒரு பங்கு ஏறக்குறைய ஒரே வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். உணவு விலை குதித்தாலும் விழுந்தாலும் நகர எண் குறைவாக ஆடுவதற்கு இது இரண்டாவது காரணம். விதிவிலக்காக ஒரு காலம் உண்டு: ஏழாவது ஊதியக்குழுவின் பரிந்துரைப்படி மத்திய அரசு ஊழியர்களின் வீட்டு வாடகைப்படி 2017 ஜூலையில் உயர்ந்தபோது, அரசுக் குடியிருப்புகளின் வாடகையாக அதுவே கணக்கில் ஏறி, நகர வீட்டுப் பணவீக்கத்தைச் செயற்கையாகத் தூக்கியது. அந்தக் காலத்தில் ரிசர்வ் வங்கி இந்த விளைவை நீக்கியும் தனியாக ஒரு எண் சொல்ல வேண்டியிருந்தது. 2017-18 ஆண்டின் கிராம, நகர வித்தியாசத்தை எடுத்து எதையாவது நிரூபிக்க முயலும்போது இதை மறக்கக் கூடாது.

மாநிலங்களுக்கு வருவோம். மேலே சொன்ன அதே 2025 அக்டோபரில், அகில இந்திய எண் 0.25 ஆக இருந்தபோது கேரளத்தின் பணவீக்கம் 8.56 சதவீதம். அடுத்த இடத்தில் ஜம்மு காஷ்மீர் 2.95, பிறகு கர்நாடகம் 2.34, பஞ்சாப் 1.81, தமிழ்நாடு 1.29. முதல் மாநிலத்துக்கும் இரண்டாவது மாநிலத்துக்கும் இடையில் ஐந்தரைப் புள்ளி பள்ளம். கேரளம் மட்டும் ஏன் தனியே நின்றது என்றால் தேங்காய் எண்ணெயும் தங்கமும் கண்ணுக்குத் தெரியும் காரணங்கள். அந்த ஆண்டு தேங்காய் எண்ணெய் விலை ஓராண்டில் இரு மடங்கைத் தொட்டது. அகில இந்தியக் கூடையில் தேங்காய் எண்ணெய் ஒரு துளி. கேரளச் சமையலறையில் அதுதான் எண்ணெய். ஒவ்வொரு மாநிலத்துக்கும் கிராமத்துக்கு ஒன்று, நகரத்துக்கு ஒன்று எனத் தனித்தனி எடைப்பட்டியல் உண்டு என்பதால் இந்த வேறுபாடு எண்ணில் தெரிகிறது. ஒரு குடும்பத்தின் செலவில் 2 சதவீதம் ஒரு பொருளுக்குப் போய், அந்தப் பொருளின் விலை இரு மடங்கானால், அது ஒன்றே பணவீக்கத்தில் 2 புள்ளி. அதே ஆண்டில் வட மாநிலங்களில் வெங்காயமும் உருளைக்கிழங்கும் சரிந்துகொண்டிருந்தன.

இங்கே ஒரு சிக்கல். விலை மாநில எல்லையைப் பார்த்து நடப்பதில்லை, குறியீடு எல்லையைப் பார்த்துத்தான் நடக்கிறது. நாகர்கோவிலில் தேங்காய் எண்ணெயில் சமைக்கும் ஒரு வீடு தமிழ்நாட்டு எண்ணுக்குள் இருக்கிறது; அதன் பணவீக்கம் திருவனந்தபுரத்துக்கு நெருக்கமாக இருந்திருக்கும், 1.29-க்கு அல்ல. ஓசூரில் இருப்பவருக்கு பெங்களூரு வாடகைச் சந்தை முக்கியம். மாவட்ட அளவில் குறியீடு தயாரிக்கும் அளவுக்கு 2012 தொடரின் மாதிரி போதாது: நாடு முழுக்க 1,114 நகரச் சந்தைகள், 1,181 கிராமங்கள், அவ்வளவுதான். இதை மாநிலங்களுக்குப் பிரித்தால் ஒரு மாநிலத்துக்கு எவ்வளவு வரும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதனால்தான் அறிக்கையில் சிறிய மாநிலங்களின் பணவீக்கம் முன்னிறுத்தப்படுவதில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி 50 லட்சத்துக்கு மேல் இருக்கும் மாநிலங்கள்தான் அந்தப் பட்டியலில் வரும். குறியீட்டு அட்டவணையில் சில கட்டங்களில் வெறும் கோடு இருக்கும். ஒதுக்கப்பட்ட விலைப் படிவங்களில் 80 சதவீதத்துக்குக் குறைவாக வந்து சேர்ந்தால் அந்த மாதம் அந்த இடத்துக்குக் குறியீடு கணக்கிடுவதில்லை என்பது அதன் பொருள். அதைச் சுழியம் என்று எடுத்துச் சராசரி போட்டுவிடாதீர்கள்.

மாநில எண்களில் நடக்கும் பெரிய பிழை ஒன்று இருக்கிறது, அதை விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு மாநிலத்தின் குறியீடு 205, இன்னொன்றின் குறியீடு 190 என்றால், முதல் மாநிலத்தில் வாழ்க்கைச் செலவு அதிகம் என்று பொருள் அல்ல. எல்லா மாநிலத்துக்கும் 2012-இல் 100 என்று வைத்துத் தொடங்குகிறார்கள். அப்போதே ஒரு இடம் இன்னொன்றைவிட இரண்டு மடங்கு விலை கூடியதாக இருந்திருந்தாலும் இரண்டுக்கும் 100தான். குறியீடு சொல்வது ஓடிய தூரத்தை மட்டும். கிராமக் குறியீடு நகரக் குறியீட்டைவிட உயரமாக இருப்பதும் இப்படித்தான். அதனால் கிராமத்தில் வாழ அதிகச் செலவாகிறது என்று ஆகாது.

இடத்துக்கு இடம் விலை மட்டத்தை ஒப்பிட வேறு கருவி வேண்டும். கையில் இருப்பவற்றில் எளிதானது வறுமையை அளக்க அமைத்த டெண்டுல்கர் குழுவின் முறைப்படி திட்டக்குழு வெளியிட்ட 2011-12 வறுமைக்கோடு. ஒரே வாழ்க்கைத் தரத்துக்கு இடத்துக்கு இடம் எவ்வளவு ரூபாய் என்று அது மறைமுகமாகச் சொல்கிறது. ஒரு நபருக்கு மாதம் அகில இந்திய அளவில் கிராமத்துக்கு 816 ரூபாய், நகரத்துக்கு 1,000. தமிழ்நாட்டில் 880, 937. கேரளத்தில் கிராமத்துக்கு 1,018, நகரத்துக்கு 987; அங்கே கிராமம் நகரத்தைவிட விலை கூடியது. கேரளத்தில் ஊர் எங்கே முடிந்து நகரம் எங்கே தொடங்குகிறது என்று பார்த்தவர்களுக்கு இது வியப்பாக இராது. தமிழ்நாட்டில் இடைவெளி வெறும் 57 ரூபாய். கிராமம் மலிவு, நகரம் விலை கூடியது என்ற பொது எண்ணத்தைத் தென் மாநிலங்களுக்கு அப்படியே பொருத்த முடியாது. எண்கள் பழையவை, ரூபாயில் இன்றைக்குப் பயன்படாது. விகிதத்துக்காக மட்டும் பாருங்கள்.

விலை எப்படிச் சேகரிக்கப்படுகிறது என்பதைத் தெரிந்துகொண்டால், சந்தையில் கண்ட விலைக்கும் குறியீட்டுக்கும் ஏன் ஒத்துப்போகவில்லை என்பது பாதி விளங்கிவிடும். ஒரு சந்தையில் ஒரு பொருளின் விலையை மாதத்துக்கு ஒருமுறை எடுக்கிறார்கள். எந்தச் சந்தை எந்த வாரம் என்பது முன்பே வகுக்கப்பட்டது. தக்காளி பத்து நாள் கிலோ 120-க்குப் போய்த் திரும்பிவந்தால், அந்தப் பத்து நாளுக்குள் முறை வந்த சந்தைகளில் மட்டும்தான் அது பதிவாகும். தொடக்க ஆண்டுகளில் கிராம விலைகளைத் தபால் துறை ஊழியர்கள் வழியாகத் திரட்டினார்கள். நகரத்தில் புள்ளியியல் துறையின் களப்பணியாளர்கள். பொருளின் தரம், அளவு, பிராண்டு எல்லாம் குறிப்பிட்டு வைத்து மாதாமாதம் அதையே கேட்பார்கள். கிராமத்துக் கடையில் அந்தப் பொருளே வராமல் போவது நகரத்தைவிட அடிக்கடி நடக்கும். அப்போது மாற்றுப் பொருளைத் தேட வேண்டும், விலை வேறுபாட்டில் எவ்வளவு தரம், எவ்வளவு ஏற்றம் என்று பிரிக்க வேண்டும். ஐந்து ரூபாய், பத்து ரூபாய்ப் பாக்கெட்டில் கிராம் குறைவது இன்னொன்று. விலை அதே ஐந்து ரூபாய். எடையைக் குறித்துக்கொள்ளாத பணியாளருக்கு விலையேற்றமே இல்லை. சின்னப் பாக்கெட் அதிகம் ஓடுவது எந்தக் கடைகளில் என்று சொல்லத் தேவையில்லை.

ஒரு பொருளுக்குப் பல சந்தைகளிலிருந்து வரும் விலை விகிதங்களை 2012 தொடரில் பெருக்கல் சராசரியால் (எல்லாவற்றையும் பெருக்கி மூலம் எடுக்கும் முறை) சேர்த்தார்கள். கூட்டல் சராசரியைவிட இது நல்லது, ஒரு சந்தையின் தாறுமாறான விலை மொத்தத்தைக் கெடுக்காது. ஆனால் ஒரு பலவீனம்: விலை சுழியம் ஆகிவிட்டால் பெருக்கற்பலன் முழுதும் சுழியம். ரேஷன் அரிசியில் வரும் தலைவலி இதுதான். தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி இலவசம். தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் தானியம் 2023 ஜனவரியிலிருந்து நாடு முழுக்க இலவசமானது. இலவசப் பொருளைக் கூடையில் வைப்பதா, அதன் எடையை வெளிச்சந்தை அரிசிக்குத் தருவதா, எல்லாவற்றுக்கும் பகிர்வதா என்பது வெறும் நுட்பச் சண்டை இல்லை. வெளிச்சந்தை அரிசிக்கு எடையைத் தூக்கிக் கொடுத்தால், ரேஷனை நம்பி வாழும் கிராமக் குடும்பம் கடை அரிசி விலையேற்றத்தால் அடிபடுவதாகக் கணக்கு காட்டும். 2025-இல் புள்ளியியல் அமைச்சகம் இதற்கென்றே ஒரு கலந்தாய்வு அறிக்கை வெளியிட்டுக் கருத்துக் கேட்டது.

கிராம எடைகளில் இன்னொரு நுட்பம். செலவுக் கணக்கெடுப்பில், சொந்த வயலில் விளைந்து வீட்டில் சமைத்த நெல்லும் உள்ளூர் விலையில் மதிப்பிடப்பட்டுச் செலவாகச் சேர்கிறது. அந்தக் குடும்பத்துக்கு அரிசி விலை ஏறினால் கையிலிருந்து எதுவும் போகாது; உபரி இருந்தால் வரவுதான். 54.18 என்ற எடை கூலிக்காரரையும் நெல் விற்பவரையும் ஒன்றாகக் கலந்த சராசரி. உணவு விலை ஏறினால் கிராமம் முழுவதும் பாதிக்கப்படும் என்பதும், விவசாயிக்கு லாபம் என்பதும் இதனால்தான் இரண்டுமே பாதிப் பேச்சு.

எந்தக் குறியீடு எதற்கு என்பதிலும் குழப்பம் அதிகம். ரிசர்வ் வங்கியின் 4 சதவீத இலக்கு கிராமத்தையும் நகரத்தையும் சேர்த்த கூட்டுக் குறியீட்டின் மீது. 2012 தொடரில் அதில் கிராமத்துக்கு 53.52, நகரத்துக்கு 46.48 பங்கு இருந்தது. மத்திய அரசு ஊழியர் அகவிலைப்படிக்குக் கூட்டுக் குறியீடு பயன்படாது. தொழிலாளர் பணியகம் 88 தொழில் நகரங்களில் எடுக்கும் தொழிலாளர் குறியீடுதான் அதற்கு. அதன் அடிப்படை ஆண்டு 2016. பழைய 2001 தொடருக்கு மாற்ற 2.88 ஆல் பெருக்க வேண்டும். மாநிலத்தில் விலை எவ்வளவு வேறுபட்டாலும் அகவிலைப்படி விகிதம் நாடு முழுக்க ஒன்றே. கிராமக் கூலி சார்ந்த கணக்குகளுக்கு விவசாயத் தொழிலாளர் குறியீடு. நூறு நாள் வேலைத் திட்டக் கூலி உயர்வு பல ஆண்டுகள் இதைச் சார்ந்தே வந்தது. இந்தக் குறியீடு 2025 நடுப்பகுதி வரை 1986-87-ஐ அடிப்படையாகவும் 1983 செலவுக் கணக்கெடுப்பை எடையாகவும் கொண்டிருந்தது. அதில் உணவுக்கு மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் எடை. நாற்பது ஆண்டுப் பழைய வாழ்க்கையை வைத்து இன்றைய கூலியை ஏற்றிக்கொண்டிருந்தோம். செல்போன் ரீசார்ஜும் தனியார் பள்ளிக் கட்டணமும் மோட்டார் சைக்கிள் பெட்ரோலும் கூலிக்காரர் வீட்டுக்கு வந்து எவ்வளவோ நாள் ஆன பிறகுதான் 2019 அடிப்படைக்கு மாற்றினார்கள்.

உங்கள் வீட்டுப் பணவீக்கத்தை நீங்களே போட்டுப் பார்க்கலாம், கடினமில்லை. ஓராண்டுச் செலவை எடுத்துப் பன்னிரண்டால் வகுங்கள். ஒரு மாதத்தை மட்டும் எடுத்தால் ஜூனில் கல்வியும் ஐப்பசியில் துணியும் பூதாகரமாகத் தெரியும். சீட்டு, கடன் தவணை, சேமிப்பு, நிலம் வாங்கியது ஆகியவற்றை விட்டுவிடுங்கள், அவை நுகர்வு இல்லை. சொந்த வீடு என்றால் வாடகைக்குச் சுழியம் போட்டு மீதியை 100 ஆக்கிக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் மாநிலத்தின் கிராம அல்லது நகர அட்டவணையிலிருந்து பிரிவு வாரியான பணவீக்கத்தை எடுத்துப் பெருக்குங்கள்.

எடுத்துக்காட்டுக்கு இரண்டு கற்பனைக் குடும்பங்கள். கிராமத்தில் மாதம் 15,000 ரூபாய்: உணவு 7,500, எரிபொருள் 1,050, துணி 1,050, மருத்துவம் 1,500, போக்குவரத்தும் போனும் 1,500, கல்வி 1,200, இதரம் 1,200. நகரத்தில் 35,000: உணவு 11,200, வாடகை 9,800, எரிபொருள், துணி, மருத்துவம், இதரம் தலா 1,750, போக்குவரத்து 3,500, கல்வி 3,500. இருவருக்கும் ஒரே விலையேற்றம் என்று வையுங்கள்: உணவு 8 சதவீதம், வாடகை 3, எரிபொருள் 2, துணி 3, மருத்துவம் 4, போக்குவரத்து 2, கல்வி 4, இதரம் 5. கிராமக் குடும்பத்துக்கு 5.67 வரும், நகரக் குடும்பத்துக்கு 4.70. மற்றதெல்லாம் அப்படியே இருக்க, உணவு மட்டும் 8 ஏறுவதற்குப் பதில் 4 சதவீதம் இறங்கியது என்றால் கிராமத்துக்கு −0.33, நகரத்துக்கு 0.86. ஒரு பைசா விலை வேறுபாடு இல்லாமலே இந்த ஆட்டம் வருகிறது.

பணவீக்கம் குறைந்தது என்ற செய்தியைப் படிக்கும்போது சென்ற ஆண்டு இதே மாதம் என்ன நடந்தது என்பதையும் பாருங்கள். 2025 அக்டோபரின் 0.25-க்குப் பின்னால் 2024 அக்டோபரின் 6.21 இருக்கிறது, இரண்டையும் சேர்த்தால் இரண்டு ஆண்டில் கிட்டத்தட்ட ஆறரை சதவீத ஏற்றம், ஆண்டுக்குச் சராசரியாக மூன்றேகால். கிராமத்துக்கு 6.68-உம் −0.25-உம், நகரத்துக்கு 5.62-உம் 0.88-உம்: இரண்டு ஆண்டுக் கணக்கில் 6.41, 6.55. ஒரு புள்ளிக்கு மேல் முன்னும் பின்னும் ஆடிய வித்தியாசம் இரண்டு ஆண்டில் கரைந்தேவிட்டது. ஒரு மாத எண்ணை வைத்துக் கிராமம், நகரம் என்று கட்சி பிரிப்பது வீண் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான சான்று எனக்குத் தெரியவில்லை. 2021 ஏப்ரல், மே மாத எண்களை மட்டும் இப்படிப் பயன்படுத்தாதீர்கள். ஊரடங்கால் 2020-இன் அந்த இரண்டு மாதங்களுக்கு விலை முழுமையாகச் சேகரிக்கப்படவில்லை, பிறகு மதிப்பிட்டு நிரப்பினார்கள்.

2026 பிப்ரவரியிலிருந்து 2024-ஐ அடிப்படையாகக் கொண்ட புதிய தொடர் வருகிறது. எடைகள் 2023-24 செலவுக் கணக்கெடுப்பிலிருந்து. அந்தக் கணக்கெடுப்பில் உணவின் பங்கு கிராமத்தில் 47.04 சதவீதம், நகரத்தில் 39.68. 2011-12-இல் சுமார் பத்துப் புள்ளியாக இருந்த இடைவெளி ஏழரைக்குள் வந்துவிட்டது. ஆகவே மேலே கண்ட எடை விளைவு இனி சிறியதாக இருக்கும். கிராமக் குறியீட்டில் வீட்டு வாடகையும் சேர்ந்திருக்கிறது. பிரிவுகளும் மாறின: சர்வதேச வகைப்பாட்டின்படி 12 பிரிவுகள், ஹோட்டல் சாப்பாடு உணவிலிருந்து விலகி உணவகம், தங்கும் விடுதி என்ற தனிப் பிரிவுக்குப் போகிறது. உணவின் எடை குறைந்துவிட்டது என்று சொல்லும்போது அதில் ஒரு பகுதி வெறும் இடமாற்றம் என்பதைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

பழைய தொடரையும் புதியதையும் இணைக்கும்போது, அதிகாரபூர்வ இணைப்புக் காரணியை (ஒரு தொடரின் குறியீட்டை இன்னொன்றின் அளவுக்கு மாற்றும் எண்) கிராமத்துக்கும் நகரத்துக்கும் தனித்தனியே பயன்படுத்துங்கள். கூட்டுக் குறியீட்டின் காரணியை மூன்றுக்கும் போட்டால் இணையும் மாதத்தில் இல்லாத ஒரு படிக்கட்டு முளைக்கும். இணைத்த பிறகும் வாடகை இல்லாத கிராமக் குறியீட்டையும் வாடகை உள்ள கிராமக் குறியீட்டையும்தான் ஒட்டியிருக்கிறீர்கள். மாதந்தோறும் 12-ஆம் தேதி மாலை 4 மணிக்கு எண் வந்ததும், கூட்டு எண்ணை விட்டுவிட்டு நேராகக் கிராம, நகர உணவு எண்களுக்குப் போய் மேலே சொன்ன பெருக்கல்களைப் புதிய எடைகளில் செய்யுங்கள். அப்போது வருபவை தற்காலிக எண்கள், அடுத்த மாதம் திருத்தம் வரும். மாநில எண்களில் அந்தத் திருத்தம் அகில இந்திய எண்ணைவிடப் பெரிதாக இருக்கலாம்.